ஓட்ஸ் போட்டியா, அக்கா?

1

இன்று கல்லறைத் திருநாள். பிள்ளைப்பாக்கத்தில் நேற்றே புல்லைச் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தியும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்திருப்பார்கள். நான் ஸ்காட்லாந்தில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு தட்டு ஓட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முந்தின நாளே ஓட்ஸைப் பாலில் ஊறப்போட்டுவிட வேண்டும். காலையில் முட்டைகளை நுரைக்க அடித்து ஊற்றி, பால் பவுடரும் மசித்த வாழைப்பழமும் சேர்த்து, பாலைத் திரித்து வடிகட்டிய கட்டியை உதிர்த்துப் போட்டுக் கலக்க வேண்டும். பால் திரிந்தால் நம் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு கொட்டுவோமே, அதை இங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள். வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினால், கொஞ்ச நேரத்தில் உப்பி, மேலே சிவந்து, வீடே மணக்கும். ஆறியதும் துண்டு போடலாம். கையில் எடுத்துக் கடிக்கலாம். கஞ்சி இல்லை. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும், இது கஞ்சி இல்லை.

நான் வேலை செய்வது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில். சாப்பாடு இறங்காத நோயாளிகளுக்குக் காலையில் போவது இதுதான். கொஞ்சம் சாப்பிட்டாலும் உடம்புக்கு நிறைய புரதம் போய்ச் சேரும் என்பாள் எங்கள் தலைமைச் சமையல்காரி மார்கரெட். அவளிடம்தான் கற்றேன்.

சனிக்கிழமை என்பதால் மகள் ஜெனி வீட்டில் இருந்தாள். மனைவி ஸ்டெல்லா நர்ஸ், அவளுக்குப் பகல் டூட்டி. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை ஏன் வீட்டில் செய்கிறாய் என்று ஜெனி இங்கிலீஷில் கேட்டாள். உன் அத்தைக்காக என்றேன். அத்தைதான் செத்துப்போய்விட்டாளே என்றாள். குழந்தை, தப்பாகச் சொல்லவில்லை. சரி, ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். நான் போனில் ஓட்ஸ் என்று சொல்ல, அத்தை அதை வோட் என்று எடுத்துக்கொண்டாள் என்று சொல்லி நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு சொல்லுக்கும் சம்பந்தமே இல்லையே அப்பா என்று, ஒவ்வொன்றையும் உதட்டைக் குவித்து நிறுத்தி உச்சரித்துக் காட்டினாள், எனக்குச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்து. நம் மொழியில் அது ஓட்டு அம்மா என்றேன். ஓட்டு என்றால் என்ன என்றாள். விளக்கிக்கொண்டிருக்கும்போதே டிவியில் அவளுடைய கார்ட்டூன் ஆரம்பித்துவிட்டது.

என் அக்காவின் கதை இந்த வீட்டில் எடுபடாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு ஓட்டு என்றால் தெரியும்.

2

அக்காவின் பெயர் ஆரோக்கியமேரி. பேர்ல மட்டும்தான் ஆரோக்கியம் கீது என்று யாராவது கேலி செய்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். எங்கள் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவள் பாவாடை தாவணி, நான் அரை டிராயர். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கடைசியில் போய் நின்ற இடம், பெங்களூர் ரோட்டு மேல் ஒரு சின்னக் கம்பெனி. மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை. லைனில் எல்லாம் பெண்கள்தான். ஷிப்ட் முடிந்தும் ஓ.டி. பார்த்துவிட்டு, விரல் நுனியெல்லாம் கீறலோடு வருவாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இவன் ஒரு வேலையில் உட்காரட்டும் என்றாள். நான் உட்கார்ந்தபோது அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

எங்களை வளர்த்தது கோயிலில் ஊற்றிய கஞ்சி. கோதுமையோ சோளமோ, வந்த மாவில் காய்ச்சி, பாத்திரம் கொண்டுபோனால் ஊற்றுவார்கள். எனக்கு அது ருசியாகவே இருந்தது. அவளுக்கு வரிசையில் நிற்பதுதான் குமட்டியது. ஸ்டெல்லாவுக்குச் சீமையில் வேலை கிடைத்து நானும் பின்னாலேயே கிளம்பிய அன்று, அக்கா அழவில்லை, ஆசீர்வாதமும் செய்யவில்லை. "நீ சம்பாரிக்கப் போற. இனிமே இந்த வூட்ல கஞ்சி காய்ச்ச மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். காய்ச்சவும் இல்லை.

இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். நுரையீரல் ஏற்கெனவே நிறைய அரித்திருந்தது, தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரைகள் தந்துவிட்டு, மாத்திரை மட்டும் போதாது, அதைத் தாங்குகிற உடம்பு வேண்டும், முட்டை, பால், பருப்பு என்று சத்தாகச் சாப்பிட வேண்டும், எடை ஏற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவளுக்கோ மாத்திரை போட்டதிலிருந்து எதைத் தின்றாலும் கம்பியை நக்கியதுபோல் இருந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்று அவளோடு லைனில் வேலை செய்யும் செல்வி சொன்னாள். செல்வி பக்கத்துத் தெருப் பெண். என்னை அண்ணா என்பாள்.

அக்கா சாப்பிட வேண்டும். இந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு தட்டில் வைத்து அனுப்புகிறேன், என் அக்காவுக்கு ஒரு வாய் ஊட்ட வழியில்லை.

3

அவளை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றுதான் முதலில் ஓடினேன். குடியேற்ற அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இந்த ஊரில் மரியாதைக்குக் குறைச்சலே இல்லை, கதவை மூடுவதைக்கூட மெதுவாகத்தான் மூடுவார்கள். உங்கள் அக்கா உங்களுடைய டிபெண்டண்ட்டா என்று கேட்டார்.

எனக்கு அந்தச் சொல் தெரியும், ஆனால் பதற்றத்தில் தலைகீழாகப் புரண்டுவிட்டது. யாரை நம்பி யார் இருந்தது என்று கேட்கிறார் என்று நினைத்து, "இல்லை சார், நான்தான் அவளுடைய டிபெண்டண்ட்" என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விளக்கமாகவே சொன்னார். கல்யாணமாகாத அக்கா என்ற உறவுக்கு அவர்கள் சட்டத்தில் இடமில்லை. தாய் என்றால் யோசிக்கலாம். தாய் மாதிரி என்று ஒரு உறவு கிடையாது.

அதே அலுவலகத்துக்குத்தான் எங்கள் விசா நீட்டிப்புக்காகப் பாஸ்போர்ட்டுகளை அனுப்பியிருந்தோம். சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள்.

ஆள் வர முடியாவிட்டால் சாப்பாடு போகட்டும் என்று முடிவு செய்தேன். ஸ்டெல்லாவோடு வேலை செய்யும் கிரேஸ் ஏப்ரலில் லீவில் ஊருக்குப் போனாள், அவள் வீடு குன்றத்தூர். அவளிடம் ஓட்ஸ் டப்பாக்களும் பால் பவுடரும் கொடுத்து, செய்முறையையும் வாய்ப்பாடு மாதிரி சொல்லி அனுப்பினேன். ஊரில் எங்கள் வீட்டில் ஓவன் ஏது? கிறிஸ்துமஸுக்குக் கேக் போடுவது போலவே, குக்கரில் மணலைப் பரப்பி, வெயிட் போடாமல், உள்ளே பாத்திரத்தை வைத்துச் சுட வேண்டும். கிரேஸ் நல்ல பெண். வெயிலில் பஸ் மாறி மாறிப் பிள்ளைப்பாக்கம் போய்க் கொடுத்திருக்கிறாள். ஆனால் செய்முறை மறந்துபோச்சு. "கஞ்சி மாதிரி காய்ச்சிக் குடிங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கஞ்சி. அக்கா டப்பாக்களை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். சீமையிலிருந்து தம்பி தனக்குக் கஞ்சி மாவு அனுப்பியிருக்கிறான் என்று அவள் செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. ஓட்ஸ் என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

4

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பாய் நடத்திய எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் அந்த நம்பருக்கு இங்கிருந்து போடுவேன். லைன் கிடைத்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். பாதி வார்த்தை கடலோடு போய்விடும்.

கிரேஸ் டப்பாவைக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் கேட்டேன்.

"அக்கா, ஓட்ஸ் போட்டியா?"

"ஓ.டி.யா? இப்ப ஓ.டி.லாம் பாக்கறதில்லடா. டாக்டர் கூடாதுன்ட்டாரு."

"ஓ.டி. இல்லக்கா. ஓட்ஸ். ஓட்ஸ் போடணும்."

"ஆங், ஓட்டா? சரி சரி. அதுக்கு நாள் கீதே, போட்டுட்றேன்."

எனக்குக் கேட்டது "சரி சரி, போட்டுட்றேன்" மட்டும்தான். ஊரில் தேர்தல் நேரம், சுவரெல்லாம் சின்னம், தெருவெல்லாம் மைக் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் தலைக்குள் இருந்தது ஓட்ஸ். நம் பாஷையில் டீயையும் போடுகிறோம், ஆம்லெட்டையும் போடுகிறோம், கேக்கையும் போடுகிறோம். ஓட்டையும் போடத்தான் செய்கிறோம். போடு என்று சொன்னால் எதை என்று அவரவர் தலைக்குள் இருப்பதுதான் முடிவு செய்கிறது.

பிறகு அந்த மே மாதம் வந்தது. எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் தலைவரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்த மறுநாள் காலை ஆஸ்பத்திரிச் சமையலறையின் டிவியில், செய்தி வாசிப்பவன் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக என் ஊர்ப்பெயர் வாயில் நுழையாமல் மெட்ராஸ் என்றே சொல்லிவந்த மார்கரெட், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, உன் ஊரா அது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து ஊருக்கு லைனே கிடைக்கவில்லை. அவள் கம்பெனிக்குப் போனாளா, ரோட்டில் இருந்தாளா என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

லைன் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, நல்லா கீறேன்டா என்ற குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க வழக்கமான கேள்வியையே கேட்டேன். ஓட்ஸ் போட்டியாக்கா?

"எங்கடா போட்றது? தள்ளி வச்சிட்டாங்களே."

கடைசிப் பகுதி தேய்ந்துவிட்டது. தள்ளி வைத்துவிட்டேன் என்கிறாள் என்று எண்ணிக் கோபம் வந்தது. முடியவில்லை என்றால் செல்வியைப் போடச் சொல்லேன் என்றேன்.

"அவ போட்றது அவளுக்கு. என்னுது நான்தான்டா போடணும்."

எவ்வளவு நோய் வந்தாலும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க மாட்டாளே, திமிர் பிடித்தவள் என்று பெருமையாகத்தான் இருந்தது எனக்கு.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, நான் கேட்பதற்கு முன்னால் சொன்னாள். "போட்டுட்டேன்டா. நேத்து காலையிலயே போட்டுட்டேன். நின்னுகினு இருக்கத்தான் முடியல. மத்தபடி ஒரு நிமிசம்தான்."

அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை பாவம் என்று நினைத்தேன். நல்லதுக்கா, இனிமேல் தினமும் போடு என்றேன்.

"தினமுமா? ஒரு வாட்டிதான்டா வுடுவாங்க" என்று அவள் சிரித்தது கேட்டது, சொன்னது கேட்கவில்லை. லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த சில வாரங்கள்தான் இந்த வருஷத்தில் நான் நிம்மதியாக இருந்த நாட்கள். மறுநாள் வேலைக்குப் போனதும் என் அக்கா சாப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று மார்கரெட்டிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். தட்டுத் தட்டாக ஓட்ஸ் ஓவனிலிருந்து வரும்போதெல்லாம், அங்கேயும் இந்நேரம் வெந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே எடை இறங்கிக்கொண்டிருந்தது.

5

ஜூலையில் ஒரு ஞாயிறு லைன் அதிசயமாகத் தெளிவாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் லீவு போட்டிருந்தவள் மறுபடி கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தாள், வீட்டில் சும்மா குந்த முடியவில்லையாம்.

"ஓட்ஸ் போட ஆரம்பிச்சு இத்தனை நாளாச்சே, உடம்பு தேறுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"டேய் அந்தோணி, ஓட்டு போட்டா என் உடம்பு எப்பிட்றா தேறும்? ஜெயிச்சவனுக்குல்ல தேறும்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவளுக்கும் ஆகியிருக்கும். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ரெண்டு மாசமா இவன் ஏன் என் ஓட்டு பின்னாடியே சுத்துறான், சீமைல இவனுக்கு எந்தக் கட்சிக்காரன் சோறு போட்றான்னு ரோசன பண்ணிகினு இருந்தேன்டா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாயிடமும் சொல்லியிருக்கிறாள், அவர் சிரிப்பதும் கேட்டது. நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு சிரிப்பு எதுவும் இந்த வருஷம் வாய்க்கவில்லை. சிரிப்பு இருமலாக மாறி, அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

இருமல் அடங்கியதும் ஓட்ஸ் என்றால் என்ன என்று சொன்னேன்.

"அந்தக் கஞ்சி மாவா?"

"கஞ்சி இல்லக்கா. கேக் மாதிரி சுடணும். துண்டு போட்டுத் தின்னணும். உனக்குக் கஞ்சி அனுப்புவேனா நான்?"

"எப்பிடிப் போட்றது, சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஊறவைப்பது, முட்டை அடிப்பது, பால் பவுடர், வாழைப்பழம், மணல், குக்கர் என்று ஒவ்வொன்றாக, அவள் திருப்பிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு. பூத்துக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லாருக்குமே பாடமாகியிருக்கும். "சரி, போட்டுப் பாத்துட்டு வர்ற ஞாயித்துக்கிழம சொல்றேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பூத்துக்கு வரவில்லை. பஸ் கிடைத்திருக்காது என்று பாய் சொன்னார். மறுநாள் செல்விதான் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை அக்கா இரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது நினைவில்லை. ஞாயிறு விடிவதற்குள் முடிந்துவிட்டது. அடிக்கிற வெயிலில் வைத்திருக்க முடியாது என்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டார்கள்.

கிளம்பிப் போய் மண்ணையாவது பார்க்கலாம் என்றால் பாஸ்போர்ட் இல்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வருத்தத்தைத் தெரிவித்தார்கள். இறந்தது யார் என்று கேட்டார்கள். அக்கா என்றேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பாஸ்போர்ட் செப்டம்பரில் தபாலில் வந்தது, அட்டை மடங்காமல், பத்திரமாக.

6

இன்று செல்வி கல்லறைக்குப் போய் என் பெயரில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பூத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், சொன்ன நேரத்துக்கு நான் போன் போட்டேன். செல்வி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அக்காவின் கல்லறைக்குப் புல் செதுக்கியது அவள்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து நிலம் வரைக்கும் கம்பி வேலி போட்டுவிட்டார்கள் அண்ணா, ஏதோ கம்பெனி வருதாம் என்றாள். சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, பூ வைத்தாகிவிட்டது என்றாள்.

இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். கேட்க பயம், இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று.

"செல்வி, அந்த வாரம் அக்கா அதைப் போட்டாளா?"

"போட்டாங்கண்ணா. வெள்ளிக்கிழம டிபன் பாக்ஸ்ல வச்சி லைனுக்கு எடுத்தாந்தாங்க. டீ டைம்ல எல்லாருக்கும் ஒரு துண்டு. இன்னாக்கா இது கேக்கான்னு கேட்டோம். 'இல்லடி, இதான் ஓட்டு, என் தம்பி போடு போடுன்னு உயிர வாங்கிட்டான், இப்பத்தான் போட்டேன்'னாங்க. சூப்ரவைசர்கூட சிரிச்சாருண்ணா."

"எல்லாருக்கும் குடுத்தா சரி. அவ சாப்பிட்டாளா?"

ஊருக்குக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடியிருப்பாள், எனக்குத் தெரியாதா அவளை.

"சாப்ட்டாங்கண்ணா. மொத துண்டே அவங்கதான் வாயில போட்டாங்க. நல்லா மென்னு பாத்தாங்க. பாத்துட்டு, 'உப்பு கம்மி, ஞாயித்துக்கிழம அவங்கிட்ட சொல்லணும்'னாங்க."

ஆஸ்பத்திரிச் செய்முறையில் உப்பு கிடையாது, நோயாளிகளுக்கு ஆகாது என்று மார்கரெட் ஒரு சிட்டிகைகூடப் போட மாட்டாள். அதை அப்படியே போனில் கத்தியிருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்தது ஒரு நோயாளிக்கு. அவள் அதை என் அக்காவாகத் தின்றுபார்த்துக் குறை சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் நான் எதை ஆக்கி வைத்தாலும் முதல் வாயில் சொல்லுவாளே, அதே மாதிரி.

வாய் கம்பியாகக் கிடந்தவளுக்கு அன்று உப்பு போதவில்லை என்று தெரிந்திருக்கிறது. ருசி திரும்பியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து அவள் என்னிடம் சொல்வதற்கு வைத்திருந்த சேதி அவ்வளவுதான். அது எனக்கு வந்துசேர நவம்பர் ஆகிவிட்டது.